வெள்ளிக்கிழமைப் பலகை

எனக்கு இன்டர்நெட் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் ஜாடி வியாபாரி. ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, கம்பெனியில் கழித்துவிட்ட கப்பு சாசர், இவைதான் என் சரக்கு. எடுத்தால் கனக்கும், போட்டால் உடையும், விரலால் தட்டினால் நல்லதா விரிசலா என்று சத்தமே சொல்லிவிடும். பக்கத்துக் கடையில் ஹுமைரா விற்ற சரக்குக்கு இந்த மூன்று குணமும் கிடையாது.

ஆனாலும் அவளைப் பற்றி எழுதுவதானால் நான்தான் எழுத வேண்டும். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவள் சிரித்தால் இந்தப் பக்கம் என் ஜாடி மூடிகள் கிடுகிடுக்கும். அப்படி ஒரு சிரிப்பு. அந்தப் பொம்பளைச் சிரிப்பைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் படித்தவள். புருஷன் ஃபாயிஸ் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவன் அனுப்பியதைச் சேர்த்து வைத்து, நான்கு கம்ப்யூட்டரும் ஒரு கலர் பிரிண்டரும் வாங்கிப் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் திறந்தாள். பரீட்சை ரிசல்ட் பார்க்க, வேலைக்கு மனுப் போட என்று பிள்ளைகள் வருவார்கள். ஆனால் அவள் கடைக்குத் திருவிழா என்றால் வெள்ளிக்கிழமைதான். வளைகுடா நாடுகளில் அன்று விடுமுறை. அங்கே வேலை செய்கிற பிள்ளையையும் புருஷனையும் கேமராவில் பார்த்துப் பேச, சுற்று வட்டாரப் பெண்கள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். நான்கு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் உட்கார முடியும்? மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள்.

அப்படி நிற்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அவள் அந்தப் பலகையை மாட்டினாள். வாரம் முழுக்க இன்டர்நெட்டில் அலைந்து எதையாவது பிடித்துக்கொண்டு வருவாள். தான் சிரித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். முதலில் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள். நான் போய்ப் பார்த்து, "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லிவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமை அது பலகையில் ஏறிவிடும். ஜப்பானில் பெட்டிக்குள் வைத்துச் சதுரமாக வளர்த்த தர்ப்பூசணி. மொரோக்கோவில் மரத்து உச்சியில் காக்கை மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆடுகள். கொரியாவில் கக்கூஸ் கோப்பை வடிவத்தில் ஒருவர் கட்டிய வீடு. அந்தக் கடைசிப் படத்துக்கு எங்கள் ஊர் பீங்கான் கம்பெனி ஆட்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளோடு வந்து நின்று, இதை எந்தச் சூளையில் வைத்துச் சுட முடியும் என்று சண்டை போட்டார்கள். நானும் போட்டேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தின் கீழே கேள்வி ஒன்றை எழுதுவாள். விடை அடுத்த வெள்ளிக்கிழமைதான். தர்ப்பூசணி ஏன் சதுரம், ஆடு ஏன் மரம் ஏறியது என்று ஊரே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அந்தப் பழக்கம்தான் அவளுக்கு வினையாக வந்து முடிந்தது.

கொளஞ்சியம்மாள் கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். புருஷன் இல்லை. ஒன்றரைக் காணி நிலமும், அதை ஒட்டி ஒரு ஓட்டு வீடும், இரண்டு மாடும் உண்டு. ஒரே மகன் அன்புச்செல்வன் துபாயில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, திரையில் மகன் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் பேசி முடித்து எழுந்தவர் ஹுமைராவிடம் கேட்டார்.

"இந்தப் பொட்டியில ஒலகமே தெரியுதுங்கிறியே பாப்பா, எங்க வூடு தெரியுமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஹுமைரா அதைச் சவாலாக எடுத்துக்கொண்டாள். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்கள் இன்டர்நெட்டில் வந்திருந்த காலம் அது. 2008-ஆம் வருஷம், ஆவணி மாதம். வாரம் முழுக்க அந்தப் படத்தில் ரோடு ரோடாக ஊர்ந்து, வியாழக்கிழமை சுவரைத் தட்டினாள். போனேன். காய்ந்த ரொட்டி மாதிரி ஏதோ தெரிந்தது. அவள் விரல் வைத்துக் காட்டினாள். இது மாரியம்மன் கோயில், இது ஏரி, இது கொளஞ்சியம்மா வீடு, பக்கத்தில் வெள்ளையாக மின்னுவது மாட்டுக் கொட்டகைத் தகரம். பொய் சொல்லக் கூடாது, எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்புறம்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஊருக்குக் குறுக்கே ஒரு கோடு. மேற்கே எல்லாம் பச்சை, கிழக்கே எல்லாம் காய்ந்த மண். கொளஞ்சியம்மாள் வீடும் நிலமும் கிழக்குப் பக்கம், கோட்டை ஒட்டி. அது ஒன்றுமில்லை என்றாள் ஹுமைரா. ஒரு பக்கத்தை மழைக்காலத்தில் எடுத்திருக்கிறார்கள், இன்னொரு பக்கத்தைக் கோடையில் எடுத்திருக்கிறார்கள், இரண்டு படத்தையும் சேர்த்த இடம்தான் கோடாகத் தெரிகிறது. வீட்டைக் கண்டுபிடித்ததைவிட இதில்தான் அவளுக்கு ஆனந்தம்.

"ஒரே ஊரு, பாதி கார்த்திகை, பாதி சித்திரை. பாருங்கண்ணே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான்கு தாளில் அச்செடுத்து, ஒட்டிப் பெரிய படமாக்கிப் பலகையில் ஏற்றினாள். கீழே வழக்கம்போலக் கேள்வி: "வானத்திலிருந்து ஒரு கோடு! உங்க வூடு கோட்டுக்கு எந்தப் பக்கம்? கோடு எப்படி வந்தது? விடை அடுத்த வெள்ளி."

எங்கள் ஊருக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு அது வெறும் விடுகதை. கம்மாபுரம் பக்கத்து ஆட்களுக்குக் கோடு என்றால் ஒரே ஒரு கோடுதான். பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அந்த ஊர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எந்த ஊர் போகும், எது தப்பும், எல்லை எங்கே விழும் என்று வருஷக்கணக்கில் பேச்சு. ரோட்டோரம் ஜீப்பு நின்று யாராவது டேப்பை நீட்டினால் போதும், அன்று அந்த ஊரில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர்கள் கண்முன்னே வானத்திலிருந்து கோடு போட்டு, எந்தப் பக்கம் நீ என்று கேட்டால்?

அந்த வெள்ளிக்கிழமை கொளஞ்சியம்மாள் வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் படிக்கத் தெரிந்த யாரிடமோ கீழே எழுதியிருப்பதைக் கேட்டார். உள்ளே போகாமல், மகனோடு பேசாமல், அப்படியே திரும்பி பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டார். ஹுமைரா உள்ளே கூட்டத்தில் இருந்தாள், கவனிக்கவில்லை. மறுநாள் பலகையில் படம் இல்லை. யாரோ ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அவளுக்கு ஏகப் பெருமை.

திங்கட்கிழமை காலை, கடை திறந்து வெகுநேரம் ஆகவில்லை, அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி என்னிடம் உப்பு ஜாடி வாங்க வந்தாள். தட்டித் தட்டிப் பார்த்தவள் கடைசியில் வேண்டாம் என்று வைத்துவிட்டாள். ஏன் என்றேன். ஊரே போகப் போகிறது, ஜாடி வாங்கி எங்கே வைப்பது என்றாள். பக்கத்துக் கடைப் படத்திலேயே கோடு வந்துவிட்டதாம். கொளஞ்சியம்மாள் இன்று நிலத்தையும் வீட்டையும் நல்லமுத்து பேருக்குப் பத்திரம் பண்ணுகிறாராம். எமகண்டம் முடிந்ததும் கையெழுத்தாம்.

நல்லமுத்து நிலத் தரகன். வேட்டியில் மடிப்புக் கலையாது, இரண்டு செல்போன் வைத்திருப்பான், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவான். நான் சுவரைத் தட்டவில்லை. நேராக ஓடினேன்.

ஹுமைராவிடம் விஷயத்தைச் சொன்னேன். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். நான் என் சைக்கிளில் பின்னாலேயே மிதித்தேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எமகண்டம். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு இருந்தது. அந்த வேளையில் யாரும் பத்திரத்தில் கை வைக்க மாட்டார்கள். இதற்கு முன் நான் எமகண்டத்துக்கு நன்றி சொன்னதில்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்து மரத்தடியில் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தவர் மாதிரி இருந்தார். ஹுமைராவைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதுதான் கொடுமை.

"நீ நல்லதுதான் செஞ்ச பாப்பா. முன்னாடியே காட்டிக் குடுத்துட்ட. இல்லன்னா நோட்டீஸ் வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாம கெடந்திருப்பேன்."

ஹுமைரா திக்கித் திணறி, அது கோடே இல்லை, இரண்டு படம் ஒட்டிய இடம் என்று விளக்கினாள். மழைக்காலம், கோடைக்காலம், செயற்கைக்கோள் என்று அவள் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்களுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. நல்லமுத்து வந்தான். அக்குளில் இருந்து ஒன்றை எடுத்தான். பலகையில் இருந்த அதே படம். லேமினேஷன் பண்ணி வைத்திருந்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. எங்கள் பக்கம் எதை லேமினேஷன் பண்ணினாலும் அது சர்க்கார் காகிதம் ஆகிவிடும்.

"கோடே இல்லன்னா நீ ஏம்மா கோடுன்னு எழுதி ஒட்டுன?" என்று அமைதியாகக் கேட்டான். "இப்ப யாரு சொல்லி மாத்திப் பேசுற?"

 எனக்குப் பொறுக்கவில்லை. சுரங்கத்துக்குப் போகிற நிலத்தை நீ எதற்கு வாங்குகிறாய் என்று கேட்டேன். நஷ்டஈட்டுக்கு நாயாக அலைய எனக்குக் கால் இருக்கிறது, அந்தம்மாவுக்கு இருக்கிறதா என்றான். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கொளஞ்சியம்மாளும் ஆட்டினார். மகனிடம் போனில் கேட்டாயிற்றாம். உனக்கு எது நல்லதோ செய்யம்மா என்று சொல்லிவிட்டு அழுதானாம்.

ஹுமைரா அந்த லேமினேஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கீழே ஏரி இருந்ததே, எங்கே என்று கேட்டாள். லேமினேஷனுக்கு அடங்கவில்லை, ஓரமெல்லாம் வெட்டியாயிற்று என்றான் நல்லமுத்து. தெரிந்து வெட்டினானா, தெரியாமல் வெட்டினானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போட வுடாதீங்க."

சொல்லிவிட்டு, படத்தை மறுபடி அச்செடுக்க ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருஷம் தினமும் கரண்ட் கட். எங்கள் தெருவுக்கும் அந்த அலுவலகத்துக்கும் பத்து மணிக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். அவளிடம் இருந்த யுபிஎஸ் ஒரு கம்ப்யூட்டரை ஐந்து நிமிஷம் தாங்கினாலே அதிசயம், பிரிண்டரை அது சீந்தவே சீந்தாது. எமகண்டம் முடிகிற நேரமும் கரண்ட் வருகிற நேரமும் ஒன்றே. அவள் அங்கே இருட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், நான் இங்கே வெயிலில் நின்றேன்.  

பன்னிரண்டு அடித்ததும் நல்லமுத்து எழுந்தான். என் கடிகாரத்தில் இன்னும் இருக்கிறது என்றேன். உன் கடிகாரம் லேட்டு என்பது ஊருக்கே தெரியும் என்று பத்திரம் எழுதுகிறவர் சிரித்தார். வேறு வழி தெரியவில்லை. பத்திரத்தை அந்தம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்களா என்று கேட்டேன். எல்லாம் வழக்கமான வாசகம்தான் என்றார். எனக்குக் கோபம் வந்தது, அது நிஜக் கோபம்தான்.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்க சொத்து. படிச்சுக் காட்டாம ரேகை வாங்குவீங்களா? எழுத்து எழுத்தா படிங்க."

கூட்டத்திலும் இரண்டொருவர் ஆமாம் என்றார்கள். அவர் முனகிக்கொண்டே படித்தார். நான் நடுநடுவே நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நான்கெல்லை வந்தது. கிழக்கே பழமலைநாதன் புன்செய், வடக்கே வண்டிப்பாதை, மேற்கே மாரியம்மன் கோயில் களம், தெற்கே ஏரி வாய்க்கால். கொளஞ்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையசைத்தார். ஏரி வாய்க்கால் என்றதும் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அலுவலகத்துக்குள் மின்விசிறி சுழல ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. அவள் கம்ப்யூட்டர் இப்போதுதான் கண் விழிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிரிண்டர் எறும்பு மாதிரி ஊரும் என்பதும் தெரியும்.

படித்து முடித்தாயிற்று. உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். கொளஞ்சியம்மாள் எழுந்து புடவையை உதறிக்கொண்டார். நான் குறுக்கே நின்றேன். நல்லமுத்து என் தோளைப் பிடித்து நகர்த்தினான். என் கடைப்பெயரைச் சொல்லி, போலீசுக்குப் போன் போடவா என்றான். போடு என்றேன். அதற்குள் கொளஞ்சியம்மாள் வாசற்படியில் கால் வைத்துவிட்டார்.

அப்போது ஸ்கூட்டி சத்தம் கேட்டது. ஹுமைரா ஓடி வந்தாள். இரண்டு கையிலும் ஒற்றைத் தாளை ஏந்திக்கொண்டு, அது வேகாத தோசை மாதிரி மடங்கிவிடக் கூடாது என்று பயந்து பயந்து வந்தாள். மை காயவில்லை. படிக்கட்டிலேயே அதை விரித்து வைத்தாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு தடவ இத மட்டும் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாருங்க."

கொளஞ்சியம்மாள் குனிந்தார். ஊர், கோயில், கீழே ஏரி. அந்தக் கோடு ஊரைத் தாண்டி நேராக ஏரிக்குள்ளும் இறங்கியிருந்தது. மேற்குப் பாதியில் கருநீலமாகத் தண்ணீர் ததும்பிக் கிடந்தது. கிழக்குப் பாதி வெடித்த களிமண். நடுவே கரை இல்லை, வரப்பு இல்லை. கத்தியால் வெட்டி வைத்த மாதிரி தண்ணீர் நின்றது.

 கொளஞ்சியம்மாள் கட்டை விரலை அந்த இடத்தில் வைத்தார். விரலில் நீல மை ஒட்டிக்கொண்டது.

"இது எங்க ஏரி. தண்ணி எங்கியாச்சும் இப்பிடி நிக்குமா?"

நல்லமுத்து எட்டிப் பார்த்தான். படத்தில் அப்படித்தான் தெரியும் என்றான். அந்தம்மா நிமிர்ந்தார்.

"போட்டோவுல அப்பிடித்தான்னா, கோடும் போட்டோவுலதானே இருக்குது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நல்லமுத்து தன் லேமினேஷனை அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு போனை எடுத்துக் காதில் வைத்தபடி நடந்துவிட்டான். அந்தப் போன் அடித்த மாதிரித் தெரியவில்லை.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பித்தோம் என்று ஹுமைராவைப் பார்த்துச் சிரிக்கப் போனேன். அவள் சிரிக்கவில்லை. கொளஞ்சியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் அப்போதுதான் அவருக்கு வந்தது.

"மூணு நாளா நான் தண்ணி குடிக்கல பாப்பா. மாட்டுக்குக்கூட ஆள் பாத்துட்டேன். இது வேடிக்கையா உனக்கு?"

ஹுமைரா அங்கேயே நின்று அழுதாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்றாள். விடையைக் கூடவே எழுதியிருக்க வேண்டும் என்றாள். அந்தம்மா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவள் அழுது முடியட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"சரி, இது பொய்க் கோடு. நெசக் கோடு எங்க வுழுவும்னு உன் பொட்டியில தெரியுமா?"

"தெரியாது பெரியம்மா."

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். கொளஞ்சியம்மாள் அந்த ஈரத் தாளை எடுத்து அவளிடமே கொடுத்தார்.

"அப்ப எங்க வூட்ட மட்டும் தனியா ஒண்ணு எடுத்துக் குடு. கோடு இல்லாம. நெசமா வர்ற அன்னைக்கு, நாங்க இங்கதான் இருந்தோம்னு காட்ட ஒண்ணு வேணுமில்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை பலகையில் படம் இல்லை. கோடு பொய், இரண்டு படம் சேர்ந்த இடம், மன்னிக்கவும் என்று மூன்றே வரி எழுதி ஒட்டியிருந்தாள். அதை யாரும் நின்று படிக்கவில்லை. காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கியவர்கள் என் கடை வாசல் வரைக்கும் வரிசையில் நின்றார்கள். பிள்ளையோடு பேச வந்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் கம்மாபுரம் பக்கத்து ஆட்கள். ஆம்பளைகளும் இருந்தார்கள். கொளஞ்சியம்மாள் தன் வீட்டுப் படத்தை ஊரில் காட்டியிருக்கிறார். எங்க வூட்டையும் எடுத்துக் குடு, கெணறு தெரியற மாதிரி எடு, எங்க ஆயா சமாதி தெரியுமா பாரு என்று ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சொன்னார்கள்.

ஹுமைரா ஒவ்வொரு கூரையாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் வரை சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. என் ஜாடி மூடிகள் ஒரு தரம்கூட அசையவில்லை.